குருதிப்பெருக்கும் நம் முதலுதவிப் பாடமும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், செய்யாற்றின் கரையில் மாகறல் இருக்கிறது. சம்பந்தரால் பாடப்பெற்ற தலம். உடும்பு ஒன்று புற்றுக்குள் ஓடி ஒளிந்ததாகவும், அதன் வாலில் அடிபட்டுக் குருதி பெருகியதாகவும் ஊர்த் தலபுராணம் கூறுகிறது. நாம் இங்கே பேசப்போவது புராணக் குருதியைப் பற்றி அன்று. இந்த ஊரின் வயலில் ஒருவருக்கு அரிவாள் தவறிக் காலில் பட்டாலோ, சாலை வளைவில் இரு வண்டிகள் மோதிக்கொண்டாலோ, மரமறுக்கும் பட்டறையில் கை சிக்கிக்கொண்டாலோ என்ன நடக்கும் என்பதைப் பற்றி.

காஞ்சிபுரத்திலிருந்து ஊர்தி வரவேண்டுமானால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றி வந்தாலும் 24 நிமிடம் ஆகும். தொடையின் பெரிய தமனி முழுமையாக அறுபட்டவர் 5 நிமிடத்திற்குள்ளாகவே இறந்துவிடக்கூடும். இடைப்பட்ட நேரத்திற்கு மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. அருகில் நிற்பவரின் இரண்டு கைகள்தாம் உண்டு. அந்தக் கைகளுக்கு நாம் எதைக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறோம்? முதலுதவிப் பாடம் என்று பள்ளியிலும், முகாம்களிலும், ஓட்டுநர் நடத்துநர் வகுப்புகளிலும் சொல்லப்படுவதில் குருதிப்பெருக்கு என்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், மனநிறைவு கொள்ள இடமில்லை என்பதே என் முடிவு. காரணங்களைக் கூறுகிறேன்.

தானே நிற்பதும் நிற்காததும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. இதில் அரை லிட்டர் வெளியேறினால் உடல் தாங்கிக்கொள்ளும். குருதிக்கொடை அளிப்பவர்கள் 350 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டு, ஒரு தேநீரும் அருந்திவிட்டு, வீட்டிற்கு நடந்தே போகிறார்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டும்போது நாடித்துடிப்பு மிக விரைகிறது; தோல் குளிர்ந்து வியர்க்கிறது; பேச்சில் குழப்பம் தெரிகிறது. 2 லிட்டரைத் தாண்டினால் உயிர் ஊசலாடத் தொடங்குகிறது.

சிறு குழாய் அறுபட்டால் உடல் தானே அதை அடைத்துக்கொள்ளும். அறுபட்ட குழாய் முதலில் சுருங்குகிறது. தட்டணுக்கள் வந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பின்னிக்கொண்டு அடைப்பை உறுதியாக்குகின்றன. (நெசவு நடக்கும் பகுதியில் இதை விளக்குவது எளிது. பாவும் ஊடையுமாக ஒழுங்குபட்ட துணி அன்று. சிக்குப் பிடித்த நூற்கண்டு. ஆனால் சிக்கு விழுந்த நூல் எவ்வளவு பிடிவாதமானது என்பது தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.) இவையெல்லாம் நடந்து முடியச் சில நிமிடங்கள் வேண்டும். பெரிய தமனியில் பாயும் குருதி அந்தச் சில நிமிடங்களைத் தருவதில்லை. பாதி உருவான அடைப்பை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் தொடங்கும் எந்தப் பாடமும் பயன் தராது. ஏனென்றால் நம் வீடுகளில் ஏற்கெனவே வேறொரு பாடம் நடந்துகொண்டிருக்கிறது. அரிவாள்மணையில் விரல் அறுபட்டால் காபிப்பொடியை அப்புகிறோம். சில வீடுகளில் மஞ்சள்தூள், சில வீடுகளில் சுண்ணாம்பு. வயலில் இருந்தால் வெட்டுக்காயப் பூண்டின் இலையைக் கசக்கிப் பிழிந்து வைக்கிறோம். குருதி நிற்கிறது. பொடியினால் நின்றது, இலையினால் நின்றது என்று நம்புகிறோம். ஒன்றுமே வைக்காமல் இருந்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் அது நின்றிருக்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இலையை வைத்த கட்டைவிரல் அங்கேயே அழுத்திக்கொண்டிருந்ததையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புகழ் இலைக்குப் போகிறது. வேலை செய்தது விரல்.

வெட்டுக்காயப் பூண்டின் சாறு காயம் ஆறுவதற்குத் துணை செய்கிறதா என்று ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் ஏதேனும் நன்மை இருக்கலாம். அதைப்பற்றி இங்கே வழக்கில்லை. சிறு காயத்தில் நூறு முறை ‘பலித்த’ மருந்தை, தமனி அறுபட்ட நூற்றோராவது முறையிலும் தேடிக்கொண்டு ஒருவர் அடுக்களைக்குள் ஓடுவார் என்பதே நம் கவலை. அந்த ஓட்டத்தில் 2 நிமிடம் போய்விடும்.

இன்னொரு ஆசிரியர் திரைப்படம். கதாநாயகனின் கையில் வெட்டு விழுகிறது. கதாநாயகி தாவணியின் ஓரத்தைக் கிழித்து, காயத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அழகாக ஒரு முடிச்சுப் போடுகிறாள். அவன் புன்னகை செய்கிறான். துணி குருதியை உறிஞ்சுமே தவிர நிறுத்தாது. தளர்வான துணிச்சுற்று, ஒழுகும் குழாயின்மேல் போர்த்திய சாக்கைப்போன்றது; ஒழுகல் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். உடலில் பாய்ந்த கத்தியை வீரமாகப் பிடுங்கி எறியும் காட்சியும் அப்படியே. குத்தி நிற்கும் கத்தியே சில நேரங்களில் தமனியின் அடைப்பாக இருக்கும். அதைப் பிடுங்குவது மருத்துவமனையில் செய்யவேண்டிய வேலை.

பழைய பாடத்தின் சுமைகள்

இனி முறையான பாடத்திற்கு வருவோம். நம் முதலுதவிப் பாடம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1877-இல் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிப்பதைத் தன் பணியாகக் கொண்டது. அதைக் கண்டு வியந்த ஜெர்மன் அறுவை மருத்துவர் எஸ்மார்க், 1882-இல் கீல் நகரில் அதேபோன்ற பள்ளியைத் தொடங்கினார். மருத்துவம் படிக்காதவனும் உயிரைக் காக்கலாம் என்பது அக்காலத்தில் துணிச்சலான கருத்து. அந்தப் பெருமையைக் குறைக்க நான் முற்படவில்லை. ஆனால் நூறாண்டுக்கு மேலாக வகுப்பறை வழியே நடந்துவந்த பாடம், வழியில் பல மூட்டைகளை ஏற்றிக்கொண்டுவிட்டது.

குருதி கொட்டினால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், பாடம் படித்த மாணவன் ஒரு பட்டியலை ஒப்பிப்பான். அடிபட்டவரைப் படுக்கவை. காயமுற்ற உறுப்பை இதய மட்டத்திற்கு மேலே உயர்த்து. காயத்தை அழுத்து. நிற்காவிட்டால் அழுத்தப்புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே அழுத்து. கட்டுப் போடு. நிற்காவிட்டால் இறுக்குக்கட்டு, அதை 15 அல்லது 20 நிமிடத்திற்கு ஒருமுறை தளர்த்திவிடு. தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். சாலையில்?

அழுத்தப்புள்ளி என்பது தமனி எலும்பின்மேல் செல்லும் இடம். படத்தில் சிவப்புப் புள்ளியாக எளிதாகத் தெரியும். சேறும் குருதியும் சட்டையுமாகக் கிடக்கும் ஒருவரின் மேற்கையில் அதைத் தேடிப் பிடிப்பது, தினமும் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவருக்கே கடினம். அமெரிக்க இதயச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் 2010-இல் வெளியிட்ட முதலுதவி நெறிமுறைகள், உறுப்பை உயர்த்துவதையும் அழுத்தப்புள்ளிகளையும் பரிந்துரைக்கவில்லை. அவற்றால் பயன் உண்டு என்பது நிறுவப்படவில்லை. அதற்கு மேலாக, காயத்தின்மேல் இருக்கவேண்டிய கை வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கும் என்பது காரணம். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அந்தச் சிவப்புப் புள்ளிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

டூர்னிக்கெட் என்று மருத்துவர்கள் கூறும் இறுக்குக்கட்டின் கதை இன்னும் சுவையானது. 1674-இல் பெசான்சோன் முற்றுகையில் மொரேல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், கட்டுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கிக் குருதியை நிறுத்தினார். 1718-இல் பெத்தி என்பவர் குச்சிக்குப் பதில் திருகாணியை வைத்தார். 1873-இல் மேலே சொன்ன எஸ்மார்க் ரப்பர்ப் பட்டையைக் கொண்டுவந்தார். அதன்பின் உலகப் போர்களில், பல மணி நேரம் கட்டோடு கிடந்து கை கால் இழந்தவர்களைக் கண்ட மருத்துவர்கள் இந்தக் கட்டையே வெறுக்கத் தொடங்கினார்கள். ‘கடைசி வழி’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, ஒன்றும் முடியாதபோது கட்டு என்று பாடம் சொன்னது. எல்லாம் செய்து பார்த்து முடியும்போது உடலில் குருதி இருக்காது என்பதைப் பாடம் சொல்லவில்லை.

2006-இல் பாக்தாத் போர் மருத்துவமனையில் 232 பேருக்குப் போடப்பட்ட 428 இறுக்குக்கட்டுகளைக் கிராக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். கட்டினால் மட்டுமே கை கால் இழந்தவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. அதைவிட முக்கியமானது வேறு: குருதியிழப்பால் உடல் தளர்ந்து அதிர்ச்சிநிலை அடைவதற்கு முன்னே கட்டுப் போடப்பட்டவர்களுள் நூற்றுக்கு 90 பேர் பிழைத்தார்கள்; அடைந்தபின் போடப்பட்டவர்களுள் நூற்றுக்கு 10 பேர்தாம் பிழைத்தார்கள். ‘கடைசி வழி’ என்ற சொல் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. 15 நிமிடத்திற்கு ஒருமுறை தளர்த்துவதும் அப்படியே தவறானது. ஒவ்வொரு தளர்த்தலிலும் கொஞ்சம் குருதி போகிறது, அடைப்பும் கலைகிறது. கட்டிய கட்டை மருத்துவமனையில்தான் அவிழ்க்கவேண்டும். 2 மணி நேரம் வரை பெரும்பாலும் உறுப்புக்குத் தீங்கில்லை. மாகறலிலிருந்து காஞ்சிபுரம் செல்ல 2 மணி நேரம் ஆகாது.

பாம்புக் கட்டும் குருதிக் கட்டும்

இறுக்குக்கட்டைப் பற்றித் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பேசத் தொடங்கினால் ஒரு சிக்கல் எழும். அமெரிக்கப் பாடநூல்களில் இதற்கு விடை தேடக்கூடாது. அவர்களுக்கு இந்தச் சிக்கலே பெரிதாக இல்லை. நம் மக்களுக்கு இறுக்கிக் கட்டத் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கட்டிவருகிறார்கள், பாம்புக் கடிக்கு. கடிவாய்க்கு மேலே கயிற்றாலோ துண்டாலோ இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

அது தவறு என்பதை உலக நலவாழ்வு நிறுவனமும் நம் மருத்துவர்களும் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நஞ்சு பெரும்பாலும் நிணநீர் வழியே மெல்லப் பரவுகிறது. கட்டு அதை நிறுத்துவதில்லை. கண்ணாடி விரியனின் நஞ்சு திசுவை அழிக்கக்கூடியது. கட்டினால் அந்த அழிவு ஓரிடத்திலேயே தங்கி மிகுகிறது. மருத்துவமனையில் கட்டைத் திடீரென்று அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒருசேர உடலுக்குள் பாய்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக் கடியால் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே ‘கட்டாதே, கட்டாதே’ என்று சொல்லிக்கொடுப்பது சரியே.

ஆனால் அதே வாரத்தில் வேறொருவர் வந்து, குருதி கொட்டினால் இறுக்கிக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போகிறார். கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? பாம்புக் கடிக்குக் கட்டிவிட்டு, அறுபட்ட தொடைக்குக் கட்டாமல் விடுகிறவர் அறிவில்லாதவர் அல்லர். இரண்டு பாடத்தைத் தனித்தனியே நடத்திய நாம்தான் குற்றவாளிகள். இரண்டையும் ஒரே பாயில் உட்காரவைத்து, ஒரே மூச்சில் சொல்லவேண்டும்: உள்ளே போகும் நஞ்சைக் கட்டு தடுக்காது, வெளியே பாயும் குருதியைத் தடுக்கும். நான் பார்த்த எந்தத் தமிழ்ச் சுவரொட்டியிலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து இல்லை. மாகறலைச் சுற்றிலும் நெல்வயல்கள். பாம்பும் அரிவாளும் ஒரே வரப்பில் இருக்கின்றன.

அமெரிக்கப் பாடம்

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் விளைவாக லென்வொர்த் ஜேக்கப்ஸ் என்ற அறுவை மருத்துவரின் முயற்சியில் 2013-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் வல்லுநர்கள் கூடினார்கள். 2015 அக்டோபரில் ‘குருதியை நிறுத்து’ என்ற பொருள்படும் பெயரோடு நாடு தழுவிய பயிற்சி தொடங்கியது. அந்தப் பயிற்சியில் பாராட்டத்தக்கது அதன் சுருக்கம். மூன்றே செயல்கள்: அழுத்து; ஆழமான காயத்தில் துணியைத் திணித்து அழுத்து; கை கால் என்றால் இறுக்குக்கட்டுப் போடு. பழைய பட்டியலின் முன் வைத்துப் பார்த்தால், பத்துத் திருப்பம் உள்ள சந்தைவிட்டு நேர்ச்சாலைக்கு வந்ததுபோல் இருக்கிறது. எது கடும் குருதிப்பெருக்கு என்பதையும் எளிதாகச் சொல்கிறார்கள். பீறிட்டு வருகிறதா, தரையில் குளமாகத் தேங்குகிறதா, துணி நனைந்து சொட்டுகிறதா, காயமுற்றவர் நினைவு மங்குகிறாரா? ஒன்று இருந்தாலும் போதும்.

குறை இல்லையா? உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் விளையாட்டரங்கப் பணியாளர் 465 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். நேரடிப் பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 88 பேர் உடனே இறுக்குக்கட்டைச் சரியாகப் போட்டார்கள். மூன்று முதல் ஒன்பது மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது சரியாகப் போட்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேரே. கற்ற கை மறக்கிறது. சான்றிதழ் வாங்கிச் சட்டமிட்டு மாட்டுவதோடு முடிந்துவிடும் நம் வகுப்புகளுக்கு இது நேரடியான எச்சரிக்கை. தமிழ்நாட்டில் நடத்துநர் உரிமம் பெற முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். நல்ல விதி. ஆனால் பத்தாண்டுக்கு முன் பெற்ற சான்றிதழுக்கு இன்று என்ன மதிப்பு?

இன்னொரு குறை, அந்தப் பயிற்சி சுவரில் மாட்டிய பெட்டியை நம்பியிருப்பது. பெட்டிக்குள் தொழிற்சாலையில் செய்த இறுக்குக்கட்டுப் பட்டை இருக்கும். ஒன்றின் விலை 30 டாலர் அளவில். நம் பேருந்திலும் ஓட்டுநர் தலைக்கு மேல் முதலுதவிப் பெட்டி என்று எழுதியிருக்கிறது. அதைத் திறந்து பார்த்த வாசகர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. நமக்குத் தேவையான கேள்வி இது: தோளில் துண்டும் தரையில் கிடக்கும் குச்சியும் மட்டும் இருந்தால் என்ன செய்யலாம்?

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் ஓட்டப்பந்தயத்தில் குண்டு வெடித்தபோது 27 இறுக்குக்கட்டுகள் போடப்பட்டன. எல்லாம் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டியவை. அவற்றுள் பல போதிய அளவு இறுகியிருக்காது என்று பின்னர் ஆராய்ந்த மருத்துவர்கள் கருதினார்கள். அரைகுறையாக இறுகிய கட்டு, கட்டாமல் விட்டதைவிடக் கேடானது. தோலுக்கு அருகில் மெல்லிய சுவரோடு ஓடும் சிரைகளை அது அடைத்துவிடும். ஆழத்தில் ஓடும் தமனியை அடைக்காது. குருதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வர வழியிருக்காது. காயம் இன்னும் மிகுதியாகக் கொட்டும். ஆகவே வெறும் முடிச்சுப் போதாது. குச்சி வேண்டும், முறுக்கு வேண்டும். வைக்கோல் பாரத்தை வண்டியில் கட்டுகிறவர் கயிற்றுக்குள் கம்பைச் செருகி முறுக்கி இறுக்குவாரே, அதே வேலை. மொரேல் 1674-இல் செய்ததும் இதுதான். நம் உழவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; நினைவூட்டினால் போதும்.

துண்டை நான்கு விரல் அகலத்திற்கு மடித்துக்கொள்ளவேண்டும். மெல்லிய கயிறும் கம்பியும் ஆகா. அவை சதையை அறுக்கும். காயத்திற்கு மேலே நான்கு விரல் விட்டு, முழங்கால் முழங்கை மூட்டின்மேல் படாமல் சுற்றி, ஒரு முடிச்சு. அதன்மேல் குச்சி, குச்சியின்மேல் இன்னொரு முடிச்சு. குருதி நிற்கும்வரை முறுக்கு. காயமுற்றவர் வலி தாங்காமல் கத்துவார், அதற்காகத் தளர்த்தக்கூடாது. குச்சியின் முனையைக் கட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பருத்தித் துண்டுதான் நல்லது. காஞ்சிப் பட்டு வழுக்கும், முடிச்சு நிற்காது. (அறுவை மருத்துவத்தில் தையலுக்குப் பட்டு நூலைப் பயன்படுத்தினார்களே என்று கேட்கலாம், அது வேறு கதை, அங்கே முடிச்சுப் போடும் முறையே வேறு.)

ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு புட்டி

பாடத்தின் பெருங்குறை, அதைக் காதுக்குச் சொல்லுவதுதான். வகுப்பு எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வரவேற்புரை, குத்துவிளக்கு, ஒலிபெருக்கி, திரையில் படங்கள், நன்றியுரை. மேடையில் ஒருவர் மற்றொருவருக்கு முக்கோணக் கட்டுப் போட்டுக் காட்டுவார். கூட்டத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட எதையும் அழுத்தியிருக்கமாட்டார். நீச்சலைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டவர்களைக் கிணற்றில் தள்ளுவது போன்றது இது.

எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதைச் சொல்லால் விளக்க முடியாது, கை உணரவேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவான ஒரு கருவியை நாமே செய்துகொள்ளலாம். 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகிய தம் சோதனையை வெளியிட்டார். குருதி குழாயில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. மனிதரின் தமனியில் அழுத்தம் இதயம் சுருங்கும்போது பாதரசக் கணக்கில் 120 மில்லிமீட்டர். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே நீர்க் கணக்கில் 163 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு பெண்ணின் உயரம்.

ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியில் குங்குமம் கரைத்த நீரை ஊற்றி, தரையிலிருந்து 163 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். அடியில் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய். வாழைமரத்தில் ஒரு முழத் துண்டை வெட்டி, அதில் கட்டைவிரல் ஆழத்திற்கு ஒரு வெட்டுக்காயத்தைச் செதுக்கி, குழாயின் முனை அந்தக் காயத்தின் அடியில் திறக்குமாறு பின்புறத்திலிருந்து செருகுங்கள். மரத்துண்டு தரையில் கிடக்கட்டும். குழாயைத் திறந்தால் காயத்திலிருந்து நீர் பீறிடும். உண்மையான தமனியின் துடிப்பு இதில் இல்லை, அழுத்தம் உண்மையானது.

இப்போது மாணவனை அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் துணியை மடித்து மடித்து மெத்தைபோல் மேலே வைப்பான். நீர் துணியின் ஓரமாக வழியும். காரணம் எளிய கணக்கு. 163 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 163 கிராம். உள்ளங்கை அளவான 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இதை எதிர்கொள்ள 8 கிலோகிராமுக்கு மேல் எடை வேண்டும். அதே வேலையைக் காயத்திற்குள், குழாய் திறக்கும் இடத்தின்மேல், 4 சதுர சென்டிமீட்டர் பரப்பில் செய்தால் முக்கால் கிலோகூட வேண்டாம். ஆகவே துணியைக் காயத்தின்மேல் குவிப்பதைவிடக் காயத்துக்குள், குருதி வரும் ஊற்றுக்கண்ணின்மேல் திணிப்பது நல்லது. திணித்து முடிந்தபின் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், உடல் எடையைக் கொடுத்து அழுத்தவேண்டும். உயிருள்ள உடலில் தமனிக்கு மேல் தசையும் உண்டு. கணக்கில் வந்ததைவிட மிகுதியாகவே அழுத்தவேண்டியிருக்கும். 10 நிமிடம் கையை எடுக்கக்கூடாது. நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பார்த்தால் அடைப்புக் கலையும். மாணவனைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 10 நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். எவ்வளவு நீண்ட நேரம் அது என்பது அப்போதுதான் விளங்கும்.

அரை மணிக்குள் பத்துப் பேர் செய்துவிடலாம். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை. குருதி கையில் படுவதால் நோய் தொற்றுமே என்று யாராவது கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். கடையில் தரும் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அழுத்தலாம்.

தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கம்

சட்டம் என்ன சொல்கிறது? விபத்தில் உதவியவரைக் காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைக்கழிக்கும் வழக்கம் மக்களைப் பயமுறுத்தி வைத்திருந்தது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குத் தொடர முடியாது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆயினும் இவை அனைத்தும் ஒரே எண்ணத்தைச் சுற்றி அமைந்தவை: அடிபட்டவரை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர். மத்திய அரசு 2021-இல் 5,000 ரூபாய் பரிசு அறிவித்ததும், 2025-இல் அதை 25,000 ஆக உயர்த்தியதும், ‘பொன்னான ஒரு மணி நேரத்திற்குள்’ மருத்துவமனையில் சேர்ப்பவருக்காக. நம் ஊர் வழக்கமும் அதுவே. நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, கிடைத்த ஆட்டோவில் திணித்து, ‘ஓட்டு, ஓட்டு’ என்று கத்துவார்கள். அன்பினால் செய்வது, ஆனால் ஆட்டோ ஓடும் நேரமெல்லாம் காயத்தின்மேல் ஒரு கையும் இல்லை. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். எல்லோரும் குருதியிழப்பால் இறந்தவர்கள் அல்லர்; தலைக்காயம்தான் பலரைக் கொல்கிறது, அதற்குத் தலைக்கவசம் தவிர வழியில்லை. ஆனால் கை கால் காயத்தோடு மட்டும் கிடப்பவருக்கு, ஓடுவதற்கு முன் அழுத்தவேண்டும்; ஓடும்போதும் ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். பரிசுத் திட்டத்தின் விதிகளில் அழுத்துவதற்கு இடமில்லை.

கையால் ஆகாத இடமும் உண்டு என்பதைப் பாடத்தில் மறைக்கக்கூடாது. வயிற்றில் மோதுண்டு மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளேயே லிட்டர் கணக்கில் குருதி தேங்கும். நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் அப்படியே. வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, விரைந்த நாடி, அடங்காத தாகம் என்பவையே அறிகுறிகள். அங்கே துண்டும் குச்சியும் எதற்கும் உதவா. தண்ணீர்கூடக் கொடுக்காமல், அந்த ஆட்டோவோ 108-ஓ எது முதலில் கிடைக்கிறதோ அதில் கொண்டுபோக வேண்டியதுதான். இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில், அக்குளில், கழுத்தடியில் இறுக்குக்கட்டுப் போட இடமில்லை. அங்கே துணியைத் திணித்து, மருத்துவமனை வாசல்வரை கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே போகவேண்டும்.